உரிமைகளின் காவல் யாரிடம்? மோகன் குமாரமங்கலத்தின் சட்ட, அரசியல் வாழ்வு

ஆய்வுச்சுருக்கம்

வழக்குரைஞர், பொதுவுடைமையர், சென்னை மாநில அரசுத் தலைமை வழக்குரைஞர், ஒன்றிய அமைச்சர் எனப் பல நிலைகளில் இயங்கியவர் சு. மோகன் குமாரமங்கலம் (1916–1973). குடிமக்களின் உரிமைகளைக் காக்கும் இறுதிப் பொறுப்பு நீதிமன்றத்திற்கு உரியதா, நாடாளுமன்றத்திற்கு உரியதா என்னும் வினா அவர் வாழ்வின் இரு பகுதிகளிலும் தொடர்ந்து வருகிறது. முற்பகுதியில் அவர் அரசின் அடக்குமுறைக்கு ஆளானவர். பிற்பகுதியில் அரசின் கையை வலுப்படுத்தியவர். இவ்விரு நிலைகளுக்கும் இடையே உள்ள தொடர்ச்சியையும் இடைவெளியையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அவருடைய கொள்கையின் வலிமையையும் குறையையும் அளந்தறிய நெய்வேலி பழுப்பு நிலக்கரி நகரம் ஒரு களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மோகன் குமாரமங்கலம், அடிப்படை உரிமைகள், தடுப்புக்காவல், அரசமைப்புத் திருத்தம், நிலக்கரி நாட்டுடைமை, நெய்வேலி, இழப்பீடு.

முன்னுரை

தமிழகத்தின் சட்ட வரலாற்றில் மோகன் குமாரமங்கலம் பெறும் இடம் இன்றுவரை இரு துண்டுகளாகவே கிடக்கிறது. இடதுசாரி வரலாறுகள் அவரைச் சென்னைச் சதி வழக்கின் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுள் ஒருவராக நினைவுகூர்ந்து, காங்கிரசில் சேர்ந்த பிந்தைய ஆண்டுகளை விரைந்து கடந்துவிடுகின்றன. அரசமைப்புச் சட்ட நூல்களோ 1973ஆம் ஆண்டு உச்சநீதிமன்ற நீதிபதிகளின் பணிமூப்பு மீறப்பட்ட நிகழ்வோடு மட்டும் அவர் பெயரை இணைத்து, முந்தைய ஆண்டுகளைக் கண்டுகொள்வதில்லை. சிறையிலிருந்தவரும் அமைச்சராயிருந்தவரும் ஒருவரே என்பதை மனங்கொண்டு நோக்கும்போதுதான் அவர் எழுப்பிய வினாவின் முழு உருவம் புலப்படும். அந்நோக்கிலேயே இக்கட்டுரை அமைகிறது.

குடும்பப் பின்புலம்

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் சமீன் குடும்பத்தைச் சேர்ந்தவர் முனைவர் ப. சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் பொறுப்பிலும், பின்னர் இராசாசி, ஓமந்தூரார் ஆகியோரின் அமைச்சரவைகளிலும் பணியாற்றியவர். அவருடைய துணைவியார் இராதாபாய், மங்களூரில் ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்காகப் பாடுபட்ட குத்முல் ரங்கராவின் மகள். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பாளராகக் கலந்துகொண்டவர். 1938இல் மத்திய மாநிலங்கள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணி. இவ்விருவருக்கும் 1916 நவம்பர் 1ஆம் நாள் இலண்டனில் பிறந்தவர் மோகன். மூத்தவரான ப. பி. குமாரமங்கலம் இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதியானார். தங்கை பார்வதி கிருஷ்ணன் பொதுவுடைமைக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

நிலவுடைமையும் சமூகச் சீர்திருத்தமும் ஒரே வீட்டில் குடியிருந்த சூழல் இது. தந்தைவழி வந்தது ஆட்சிப் பழக்கம். தாய்வழி வந்தது தாழ்த்தப்பட்டோர்மீதான அக்கறை. சட்டத்தை ஆள்வோரின் கருவியாக மட்டும் காணாமல் மாற்றத்தின் கருவியாகவும் காணும் பார்வை இச்சூழலிலிருந்தே அவருக்கு வாய்த்திருத்தல் வேண்டும்.

கேம்பிரிட்சிலிருந்து சிறைக்கு

ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்சு கிங்சு கல்லூரியிலும் பயின்ற மோகன், 1938இல் கேம்பிரிட்சு மாணவர் சங்கத்தின் தலைவரானார். இன்னர் டெம்பிளில் பாரிஸ்டர் தகுதியும் பெற்றார். ஐரோப்பாவில் பாசிசம் ஓங்கிய ஆண்டுகள் அவை. இங்கிலாந்தில் பயின்ற இந்திய மாணவர் பலர் மார்க்சியத்தின்பால் ஈர்க்கப்பட்டனர். மோகனும் அவர்களுள் ஒருவராக 1939இல் தாயகம் திரும்பினார்.

திரும்பியவர் வழக்குரைஞராக மாகாண உயர்நீதிமன்றத்தில் நிலைபெறுவதற்கு முன்பே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போர் எதிர்ப்பு வெளியீடுகளைப் பரப்பியதாகக் கூறி, பி. ராமமூர்த்தி, சி. எஸ். சுப்பிரமணியம், ஆர். உமாநாத் முதலியோருடன் அவரும் கைது செய்யப்பட்டார். சென்னைச் சதி வழக்கு என்று பெயர்பெற்ற அவ்வழக்கில் தண்டனையும் பெற்றார். முன்னாள் முதலமைச்சரின் மகன், ஈட்டனில் படித்தவர், பாரிஸ்டர் ஆகிய மூன்று தகுதிகளும் அவரைக் காக்கவில்லை. ஓர் எழுத்தை அச்சிட்டு வழங்கியதற்காக ஒருவரைச் சிறையிலிட அரசால் இயலும் என்பதை அவர் ஏட்டுக்கல்வியாக அன்றிப் பட்டறிவாகவே கற்றார்.

விடுதலைக்குப் பின்னும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1948 முதல் பொதுவுடைமைக் கட்சி சென்னை மாகாணத்தில் கடும் ஒடுக்குமுறைக்கு உள்ளானது. 1950 பிப்ரவரி 11ஆம் நாள் சேலம் மத்திய சிறையில் நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் பொதுவுடைமைக் கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு மே மாதத்தில், சென்னை அரசின் தடுப்புக்காவலில் இருந்த ஏ. கே. கோபாலனின் வழக்கில், தடுப்புக்காவல் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய அரசமைப்பு நடைமுறைக்கு வந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. எனினும் நீதிமன்றக் கதவு முழுதும் அடைபடவில்லை. வழக்குரைஞர் வி. ஜி. ராவின் மக்கள் கல்விச் சங்கத்திற்குச் சென்னை அரசு விதித்த தடை செல்லாது என 1952 மார்ச்சு 31ஆம் நாள் அதே நீதிமன்றம் அறிவித்தது. கோபாலன் வழக்கும் ராவ் வழக்கும் சென்னையிலிருந்து எழுந்தவை. இரண்டும் பொதுவுடைமை இயக்கம் சார்ந்தோரின் உரிமைகளைப் பற்றியவை. அன்றைய இடதுசாரி வழக்குரைஞருக்கு நீதிமன்றம் நம்பத்தக்கதாகவும் நம்பத்தகாததாகவும் ஒருசேரத் தோன்றியதற்கு இவ்விரு தீர்ப்புகளுமே போதிய சான்றாகும்.

வழக்குரைஞரும் மொழிச்சிக்கலும்

அடுத்து வந்த ஆண்டுகளில் மோகன் குமாரமங்கலம் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன்னணி வழக்குரைஞர்களுள் ஒருவராக உயர்ந்தார். தொழிலாளர் தரப்பில் வாதாடிய வழக்குரைஞர் என்ற பெயரும் பெற்றார். இக்காலத்தில் அவர் ஆற்றிய பணிகளுள் தமிழாய்வாளர் தனித்துக் கருதத்தக்கது 1965இல் வெளிவந்த இந்தியாவின் மொழிச்சிக்கல் பற்றிய அவருடைய ஆங்கில நூலாகும்.

இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழகத்தை உலுக்கிய ஆண்டு அது. இந்தியா, ஆங்கிலமா என்ற அளவிலேயே விவாதம் சுழன்றுகொண்டிருந்தபோது, மாநில ஆட்சியும் கல்வியும் மக்களின் தாய்மொழியில் நடைபெறுவதே அடிப்படை என்பதை அவர் வலியுறுத்தினார். அரசின் செயல்பாடுகள் தமக்குப் புரியாத மொழியில் நடக்கும்வரை எளிய மக்களுக்கு அவ்வரசில் உண்மையான பங்கு இராது என்பது அவர் வாதத்தின் சாரம். ஆங்கிலக் கல்வியின் உச்சிக்குச் சென்று மீண்டவர் இவ்வாறு எழுதியதில் தனிக் கனம் உண்டு. உரிமை பற்றிய அவரது சிந்தனையோடும் இது பிரிக்கவியலாதது. தனக்குள்ள உரிமை இன்னதென்று ஒருவர் தன் மொழியில் அறிய இயலாதபோது, அவ்வுரிமையைக் காக்கும் அமைப்பு எதுவாயினும் அது அவருக்கு எட்டாத அமைப்பே.

1964இல் பொதுவுடைமைக் கட்சி பிளவுபட்டது. காங்கிரசுக்குள் இருக்கும் முற்போக்கு ஆற்றல்களோடு இணைந்தே சமூக மாற்றத்தைக் கொணர இயலும் என்னும் கருத்தை அக்காலத்தில் அவர் ஒரு கருத்துரையாக எழுதினார். பின்னாளில் அது குமாரமங்கலம் கோட்பாடு எனப் பெயர்பெற்றது. 1966இல் பக்தவத்சலம் ஆட்சியில் அவர் அரசுத் தலைமை வழக்குரைஞரானார். கால் நூற்றாண்டுக்கு முன் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் இப்போது அரசின் சார்பில் வாதுரைக்கும் இடத்திற்கு வந்தார். 1967இல் ஆட்சி மாறியதோடு அப்பொறுப்பு முடிவுற்றது. பின்னர்க் காங்கிரசில் இணைந்த அவர், 1971 தேர்தலில் புதுச்சேரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, எஃகு, சுரங்கத்துறை அமைச்சரானார்.

சுரங்கங்கள் அரசுடைமையாதல்

இந்திய நிலக்கரிச் சுரங்கங்களில் பெரும்பாலானவை அன்று தனியாரிடம் இருந்தன. எளிதில் கிடைக்கும் நிலக்கரியை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதைப் பாழாக விடுதல், பாதுகாப்பில் முதலீடு செய்யாமை, கூலி நிலுவை ஆகியன அத்தொழிலின் நெடுநாள் நோய்களாக இருந்தன. 1965 மே 28இல் தோரிச் சுரங்க வெடிப்பில் 268 தொழிலாளர் மாண்டனர். தொழிலாளரின் உயிருரிமை சுரங்கத்தின் அடியில் எந்நிலையில் இருந்தது என்பதற்கு அதுவே அளவுகோல்.

1971 அக்டோபரில் எஃகு உலைகளுக்குரிய கோக் நிலக்கரிச் சுரங்கங்களின் மேலாண்மையை அரசு ஏற்றது. 1972 மே 1இல் அவை நாட்டுடைமையாயின. 1973 சனவரி இறுதியில் ஏனைய சுரங்கங்களின் மேலாண்மையும், அவ்வாண்டு மே 1இல் அவற்றின் உடைமையும் அரசிடம் வந்தன. இதற்கிடையே 1973 சனவரியில் இந்திய எஃகு ஆணையம் நிறுவப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றங்களின் மூளையாக விளங்கியவர் மோகன் குமாரமங்கலம். தொழிலாளர் நாளில் உடைமை மாற்றம் நடந்தமையைத் தற்செயல் எனக் கொள்ள வேண்டியதில்லை.

ஆயினும் நாட்டுடைமைக்கு எதிரே அப்போது ஒரு சட்டத்தடை நின்றது. 1967இல் கோலக்நாத் வழக்கில், அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் செய்ய முடியாது என உச்சநீதிமன்றம் 6-5 என்ற பெரும்பான்மையில் கூறியிருந்தது. 1970இல் வங்கி நாட்டுடைமைச் சட்டத்தையும், மன்னர் மானிய ஒழிப்பு ஆணையையும் அது செல்லாதவை ஆக்கியது. சொத்துரிமையின் பெயரால் நீதிமன்றம் சமூகச் சீர்திருத்தத்தைத் தடுக்கிறது என்னும் எண்ணம் ஆட்சியாளரிடையே வேரூன்றியது.

திருத்தங்களும் அவற்றின் சொற்களும்

1971இல் நிறைவேறிய 24ஆம் திருத்தம், அடிப்படை உரிமைகள் உள்ளிட்ட எப்பகுதியையும் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திற்கு உண்டு என வரையறுத்தது. 1972இல் நடைமுறைக்கு வந்த 25ஆம் திருத்தம், பொதுநலனுக்காகச் சொத்தைக் கையகப்படுத்தும் பிரிவில் ஒரு சொல்லை மாற்றியது. முன்னர் இழப்பீடு என்னும் பொருள்தரும் சொல் இருந்த இடத்தில் தொகை என்னும் பொருள்தரும் சொல் அமர்ந்தது. அத்தொகை போதுமானதா என்று நீதிமன்றம் வினவக் கூடாது என்றும் ஆயிற்று. இத்திருத்தங்களை வடிவமைத்தோரிலும், நாடாளுமன்றத்திலும் நூல்வழியும் விளக்கி வாதிட்டோரிலும் மோகன் குமாரமங்கலம் முதன்மையானவர்.

இச்சொல் மாற்றத்தைத் தமிழில் வைத்து நோக்கினால் அதன் விளைவு தெளிவாகத் துலங்கும். இழப்பீடு என்பது இழப்பு, ஈடு ஆகிய இரு சொற்களின் சேர்க்கை. ஈடு என்றாலே ஒப்பு, சமன் என்று பொருள். இழந்ததற்குச் சமமானதைத் தருதல் என்னும் கடப்பாடு அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தொகை என்னும் சொல்லில் அக்கடப்பாடு இல்லை. அது ஓர் எண்ணிக்கை மட்டுமே. சுரங்க முதலாளிகளும் சமீன்தார்களும் சந்தை விலை கேட்டு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அரசை நிறுத்திவைக்கலாகாது என்பது திருத்தத்தின் நோக்கம். அந்நோக்கில் நியாயம் உண்டு. ஆனால் ஈட்டை அளக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்திடமிருந்து எடுக்கும் சொல், பெருஞ்சொத்துடையவரையும் சிறு நிலமுடையவரையும் தானாகப் பிரித்தறியாது. சொந்தப் பயிர்ச்செய்கையில் உள்ள, உச்சவரம்புக்கு உட்பட்ட நிலத்திற்குச் சந்தை விலை தரவேண்டும் என 1964இன் 17ஆம் திருத்தம் தந்த காப்பு நிலச்சீர்திருத்தம் போன்ற சட்டங்களின் எல்லைக்குள் மட்டுமே பொருந்தியது. ஏனைய இடங்களில் சிறு உழவரின் காப்பு, நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தின் நல்லெண்ணத்தையே சார்ந்து நின்றது.

1971ஆம் ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்றும் இங்குக் கருதத்தக்கது. உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம், சுருக்கமாக மிசா, அவ்வாண்டு சூலையில் இயற்றப்பட்டது. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரத்தை அது அரசுக்கு வழங்கியது. அச்சட்டத்தை இயற்றிய அரசின் அமைச்சரவையில், போர்க்காலச் சிறையைக் கண்டு மீண்ட மோகன் குமாரமங்கலமும் இருந்தார்.

1973 ஏப்ரல்

கேசவானந்த பாரதி வழக்கை 13 நீதிபதிகள் 68 நாள்கள் கேட்டனர். 1973 ஏப்ரல் 24ஆம் நாள் 7-6 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் எப்பிரிவையும் திருத்தலாம். ஆனால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கலாகாது என்பது முடிவு. மறுநாள், தலைமை நீதிபதிப் பொறுப்புக்கு மூத்தவர்களான செலட், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரையும் கடந்து ஏ. என். ராய் பெயர் அறிவிக்கப்பட்டது. மூவரும் பதவி விலகினர். கடக்கப்பட்ட மூவரும் நாடாளுமன்றத்தின் அதிகாரத்திற்கு எல்லை வகுத்த பெரும்பான்மையினர். ராய் மறுபக்கத்தில் நின்றவர்.

அரசின் சார்பில் மக்களவையில் இம்முடிவை விரிவாக ஆதரித்துப் பேசியவர் சட்ட அமைச்சர் அல்லர், சுரங்கத்துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலமே. பணிமூப்பு மட்டுமே தலைமை நீதிபதிப் பதவிக்குத் தகுதியாகாது என்று 1958ஆம் ஆண்டின் சட்ட ஆணைய அறிக்கையே கூறியிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். நீதிபதியின் சமூகப் பார்வை தீர்ப்பில் படியவே செய்கிறது. ஆகவே அப்பார்வையை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு கருத்தில் கொள்வது முறையே என்பது அவர் நிலைப்பாடு. பின்னர் இதனைத் தனி நூலாகவும் எழுதினார். சட்ட ஆணையத்தின் தலைவராயிருந்த எம். சி. சீதல்வாட் உள்ளிட்ட சட்ட அறிஞர்களோ இம்முடிவைக் கடுமையாக எதிர்த்தனர். தகுதியை நோக்குமாறு அறிக்கை கூறியதேயன்றி அரசுக்கு இசைவான கருத்துடையோரைத் தேருமாறு கூறவில்லை என்பது எதிர்ப்பாளரின் மறுமொழி.

மோகன் குமாரமங்கலத்தின் வாதத்தில் உண்மை உள்ள பகுதியை மறுத்தல் இயலாது. நீதிபதிகள் எந்தச் சார்புமற்ற வெற்றுத்தராசு அல்லர். கோபாலன் வழக்கில் தனிமனித உரிமையை விட்டுக்கொடுத்த நீதிமன்றமே வங்கி வழக்கில் சொத்துரிமையை உறுதியாகக் காத்தது. அதனைக் கண்ட ஒருவர் நீதிமன்றத்தின்மீது ஐயம் கொள்வது இயல்பு. ஆனால் அந்த ஐயத்திற்கு அவர் கண்ட மருந்து, நீதிமன்றத்தை ஆளும் அரசின் பார்வைக்கு அருகே கொணர்தல் என்பதாயிற்று. அரசே தவறிழைக்கும்போது எளியவர் எங்குச் செல்வார் என்ற வினா அதில் விடையின்றி நின்றது.

அதற்கான விடையைக் காண அவர் இருக்கவில்லை. 1973 மே 31ஆம் நாள் சென்னையிலிருந்து தில்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் பாலம் விமான நிலையத்தருகே வீழ்ந்து 48 பேர் இறந்தனர். மோகன் குமாரமங்கலமும், கோவைத் தொகுதியின் பொதுவுடைமை உறுப்பினர் கே. பாலதண்டாயுதமும் அவர்களுள் அடங்குவர். அண்ணன் விட்டுச்சென்ற கட்சியில் நிலைத்து நின்ற பார்வதி கிருஷ்ணன், பாலதண்டாயுதத்தின் மறைவால் வெற்றிடமான கோவைத் தொகுதியில் 1974இல் வென்றார். 1976 ஏப்ரல் 28இல், நெருக்கடிநிலைக் காலத்தில் மிசாவில் அடைபட்டோர் ஆட்கொணர்வு மனு தொடுக்க உரிமையில்லை என 4-1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. அந்த ஆயத்திற்குத் தலைமை தாங்கியவர் ஏ. என். ராய். எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். மறு ஆண்டில் அவருடைய பணிமூப்பும் மீறப்பட்டது.

நெய்வேலி: அரசே உடைமையாளராகும் களம்

சுரங்கங்கள் அரசின் கைக்கு வந்தால் மக்களின் உரிமை காக்கப்படும் என்னும் கொள்கையை ஆராய நெய்வேலியைவிடப் பொருத்தமான களம் தமிழகத்தில் இல்லை. தன்பாத்துப் பகுதிச் சுரங்கங்கள் தனியாரிடமிருந்து அரசுக்கு மாறியவை. நெய்வேலியோ தொடக்கம் முதலே அரசுடையது. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20இல் நேரு அகழ்வுப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலத்தடி நீரின் அழுத்தத்தை இடைவிடாது இறைத்துத் தணித்த பின்னரே பழுப்பு நிலக்கரிப் படுகையை அடைய முடிந்தது. 1961இல் கரி கண்ணிற் பட்டது. 1962இல் மின்னாக்கம் தொடங்கியது.

வட்டங்களாகப் பிரித்து அமைத்த குடியிருப்புகள், பள்ளிகள், மருத்துவமனை, நிலையான ஊதியம், தொழிற்சங்க உரிமை ஆகியவற்றோடு வளர்ந்த இந்நகரம் மோகன் குமாரமங்கலம் கனவுகண்ட அரசுடைமைத் தொழிலின் நல்ல முகம். தோரியில் மாண்ட தொழிலாளரின் வாழ்வோடு ஒப்பிட, நெய்வேலித் தொழிலாளர் பெற்றது பெரும்பேறே. அவருடைய கொள்கையைக் குறைகூறுவோர் இதனை மறைத்தல் ஆகாது.

நகரத்தின் எல்லைக்கு வெளியே மற்றொரு முகம் உண்டு. திறந்தவெளிச் சுரங்கம் விரியுந்தோறும் ஊர்கள் இடம்பெயர்ந்தன. நிலத்தின் விலை, மாற்று மனை, குடும்பத்தில் ஒருவருக்கு நிலையான வேலை ஆகிய மூன்றும் பற்றிய முறையீடுகள் தலைமுறைகளாகத் தொடர்கின்றன. 2023 சூலையில் வளையமாதேவிப் பகுதியில் கால்வாய்ப் பணிக்காகக் கதிர்விடும் நிலையிலிருந்த நெற்பயிர் எந்திரங்களால் அழிக்கப்பட்டபோது, உழவர் சென்று முறையிட்ட இடம் சென்னை உயர்நீதிமன்றம். அரசே சுரங்கத்தின் உடைமையாளர், அரசே நிலத்தைக் கையகப்படுத்துபவர், அரசே தொகையை வகுப்பவர் என மூன்றும் ஒன்றாகிய இடத்தில், ஈடு எது என்று அளந்து சொல்ல வெளியே ஒருவர் தேவைப்படுகிறார். தனியார் முதலாளிக்கு எதிராக அரசைத் துணைக்கழைத்த கொள்கை, அரசுக்கு எதிராக எவரைத் துணைக்கழைப்பது என்று கூறவில்லை.

முடிவுரை

இவ்வாய்வில் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு அமைகின்றன. முதலாவது, மோகன் குமாரமங்கலத்தின் வாழ்வை முற்பகுதி, பிற்பகுதி என அறுத்துக் காண்பது பொருந்தாது. சட்டம் உடையாருக்கு மட்டும் உழைக்கலாகாது என்னும் ஒரே எண்ணமே இரண்டையும் இயக்கியது. இரண்டாவது, நீதிமன்றம் சார்பற்றது என்ற நம்பிக்கையை அவர் உடைத்தது சட்டச் சிந்தனைக்கு அவர் அளித்த பங்களிப்பு. மூன்றாவது, அதே ஐயத்தை அவர் அரசின்மீது செலுத்தவில்லை. 1941இல் தம்மைச் சிறையிலிட்ட அதிகாரம், ஆள்வோர் மாறியதால் தன் இயல்பை மாற்றிக்கொள்ளாது என்பதை மிசாவும் நெருக்கடிநிலையும் மெய்ப்பித்தன.

1978இன் 44ஆம் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் வரிசையிலிருந்து நீக்கியது. அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு நிலைபெற்றது. ஆகச் சொத்துரிமை பற்றிய வாதத்தில் மோகன் குமாரமங்கலத்தின் தரப்பும், காவல் பற்றிய வாதத்தில் அவரை எதிர்த்தோரின் தரப்பும் வென்றதாகக் கொள்ளலாம். சேலத்தில் அவர் பெயர் தாங்கிய அரசு மருத்துவக் கல்லூரி அவரை நினைவூட்டுகிறது. தொழிலாளர் வாழ்வு, தாய்மொழி ஆட்சி, உடைமைச் சமன்மை குறித்து அவர் எழுதியவை தமிழில் முழுமையாகத் தொகுக்கப்பட்டு ஆராயப்பட வேண்டும். உயர்நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலமாகவே இருக்கும் நிலையில், நிலமிழந்த உழவர் தம் வழக்கைத் தம் மொழியில் கேட்டறியும் நாள்வரை அவர் 1965இல் எழுப்பிய கேள்வியும் நிலுவையில் உள்ள வழக்கேயாகும்.